மவுண்டன் பைக்கின் டிஸ்க் பிரேக் பேடை எப்போது மாற்றுவது?

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) டிஸ்க் பிரேக் உள்ள மவுண்டன் பைக்கை ஓட்டுபவர்களில் பலர், பேட் தேய்ந்தால் லீவரைப் பிடிக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் அது பெரும்பாலும் உண்மை. பேட் தேயத் தேய லீவரை இன்னும் ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும், அட்ஜஸ்டரைத் திருகி இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் பிரேக்கில் அப்படி இல்லை. பேடுகளைத் தாங்கும் பாகமான காலிப்பருக்குள், பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அமர்ந்திருக்கும் ரப்பர் சீல், லீவரை விட்டதும் பிஸ்டனை மிகச் சிறிதளவே பின்னுக்கு இழுக்கிறது. பேட் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் அந்தச் சீலுக்குள் வழுக்கி முன்னே வந்து, புதிய இடத்திலேயே நின்றுகொள்கிறது. ஆகவே பேடுக்கும், சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டான ரோட்டாருக்கும் உள்ள இடைவெளி, பேட் புதிதாக இருந்தாலும் தேய்ந்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை அதனாலேயே கிடைக்காமல் போகிறது.

எனவே கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேட் என்பது ஓர் உலோகப் பின்தகடும் அதன்மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளும் சேர்ந்தது. தேய்வது உராய்வுப் பொருள் மட்டுமே. அது 0.5 மி.மீ. மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பிரேக் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் சொல்லும் கணக்கு. இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராம் நிறுவனமோ பின்தகட்டையும் சேர்த்து அளக்கிறது. மொத்தத் தடிமன் 3 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் மாற்றச் சொல்கிறது. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் பேடுக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு முற்றிலும் தவறிவிடும்.

என்னைக் கேட்டால், உராய்வுப் பொருள் 1 மி.மீ. அளவுக்கு வந்ததுமே புதிய பேடை வாங்கி வைத்துவிட வேண்டும். நீண்ட இறக்கமோ மழையோ காத்திருக்கிறது என்றால் கிளம்பும் முன்பே மாற்றிவிட வேண்டும். சேறும் மணலும் கலந்த நீர் ரோட்டாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதையில், உலர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய ரெசின் பேட் (உராய்வுப் பொருள் பிசினால் பிணைக்கப்பட்டது) ஒரே நாளில் தீர்ந்துவிடுவதுண்டு. தவிர, உராய்வுப் பொருள் மெலிய மெலிய ரோட்டாரின் வெப்பம் பிஸ்டனுக்கும் எண்ணெய்க்கும் எளிதாகக் கடந்து செல்கிறது. பிரேக் அதிகம் உழைக்க வேண்டிய நேரத்தில்தான் இது தொல்லை தரும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் அதை நம்ப வேண்டாம். பாதை, ஈரம், ஓட்டுபவரின் எடை, பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கும் பழக்கம் என்று எல்லாமே அந்த எண்ணை மாற்றிவிடும்.

பார்ப்பதற்குச் சக்கரத்தைக் கழற்றிவிடுவதே நல்லது. காலிப்பரின் ஒரு பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின்தகட்டின் நேர்க்கோடும் அதன்மேல் உராய்வுப் பொருளின் அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு பேடுகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய ஸ்பிரிங்கின் கால்களையும் கவனிக்க வேண்டும். அவற்றின் நுனி மட்டும் புதிதாகத் தேய்த்ததுபோல் பளபளத்தால், ஸ்பிரிங் ரோட்டாரில் உரசத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் அளந்து பார்க்க எதுவுமில்லை, பேடை மாற்றிவிட வேண்டும். சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்கவே கூடாது; பிடித்தால் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

ஒரு பேட் மட்டும் மெலிந்திருந்தால், பெரும்பாலும் ஒரு பிஸ்டன் சரியாக நகரவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், காலிப்பர் ரோட்டாருக்கு நேராக அமரவில்லை. எப்படியானாலும் மிக மெலிந்த இடத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தடிமன் மிச்சமிருந்தும் மாற்ற வேண்டிய நிலை ஒன்று உண்டு: பேடில் எண்ணெய் படுவது. சங்கிலிக்கு அடித்த ஸ்பிரே ரோட்டாரில் தெறித்தாலே போதும். பிரேக் கூச்சலிடும், பிடிப்பும் பாதியாகிவிடும். அத்தகைய பேடை நெருப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெசின் பேட் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு சுத்தமானதுபோல் தெரிந்தாலும், அடுத்த இறக்கத்தில் சூடேறியதும் அது மீண்டும் வெளியே வரலாம். உயிர் காக்கும் ஒரு பாகத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம். எண்ணெய் படாமல் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தால் மட்டும், உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

உலோகம் உலோகத்தில் அரைபடும் ஓசை கேட்டால் காலம் கடந்துவிட்டது. பின்தகடு ரோட்டாரைக் கீறிக்கொண்டிருக்கிறது; மலிவான பேடுக்குப் பதில் ரோட்டாரையும் சேர்த்து வாங்க நேரலாம். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரோட்டாரின் தடிமனையும் அளந்துவிடுங்கள். புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் ஷிமானோ ரோட்டார் 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறிக்கப்பட்ட ரோட்டாரில், அதிக நாள் உழைக்கும் என்பதற்காக உலோக பேடை (உராய்வுப் பொருளே உலோகத் துகள்களால் ஆனது) போடக் கூடாது.

புதிய பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டன்களை உள்ளே தள்ளும் முன், அவற்றின் விளிம்பில் படிந்த அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அந்த அழுக்கும் சீலுக்குள் போய்ச் சேரும். தேய்ந்த பேடோடு இருந்த காலத்தில் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதென்று யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டன் பின்வாங்கும்போது அது வெளியே வழியும் என்பதையும் மறக்க வேண்டாம். பொருத்திய பின் மிதமான வேகத்தில் சென்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி, நடக்கும் வேகத்துக்கு இறங்கும்வரை பிரேக்கைச் சீராகப் பிடித்து விட வேண்டும். இதை ஒவ்வொரு பிரேக்குக்கும் பத்து இருபது முறை செய்தால் பேடின் பொருள் ரோட்டாரில் மெல்லிய படலமாகப் படியும். பிடிப்பு படிப்படியாகக் கூடுவது கையில் தெரியும். அது தெரியும்வரை செங்குத்தான இறக்கத்தில் இறங்க வேண்டாம்.