2018 வரையிலான நட்டம் 2028-ஓடு காலாவதி

மலேசியாவில், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடை நடத்தும் ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டை (தனியார் கம்பெனி) எடுத்துக்கொள்வோம். லாப நட்டக் கணக்கு 120,000 ரிங்கிட் நட்டம் காட்டுகிறது. வரிக்கும் இதே தொகைதான் என்று நினைத்தால் அங்கேயே கணக்கு பிசகும். தேய்மானம் 50,000, வராமல் போகலாம் என்ற சந்தேகக் கடனுக்கான பொது ஒதுக்கீடு 15,000, விருந்துச் செலவு 20,000-இல் பாதி என 75,000 ரிங்கிட்டை வரிச் சட்டம் ஏற்காது. அதைத் திரும்பக் கூட்டினால் மிஞ்சும் நட்டம் 45,000 மட்டுமே.

கம்பெனிக்கு வணிகமாகக் கருதப்படாத வாடகை 30,000 வருகிறது என்றால், அதே ஆண்டில் நட்டம் அதைக் கழித்துவிடும். மிச்சம் 15,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து வாடகையில் அதைக் கழிக்க வழியில்லை. வணிக வருமானத்தில்தான் கழியும். துணிக்கடை நட்டத்தை அதே கம்பெனியின் வேறொரு வணிகத்தில் கழிக்கலாம்.

தேய்மானத்துக்கு மாற்றாகச் சட்டம் தருவது மூலதனக் கழிவு. சாதாரண இயந்திரங்களுக்கு முதல் ஆண்டில் 20 விழுக்காடும், அதோடு ஆண்டுதோறும் 14 விழுக்காடும் கிடைக்கும். நட்ட ஆண்டில் கழிக்க முடியாத கழிவுக்குக் காலக்கெடு இல்லை, ஆனால் அது அதே வணிகத்தில் மட்டுமே கழியும். கழியாத நட்டத்தையும் கழியாத மூலதனக் கழிவையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதிவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நட்டத்துக்கோ கெடு உண்டு: 2019 மதிப்பீட்டு ஆண்டு (எந்த ஆண்டு வருமானத்துக்கு வரி கணக்கிடப்படுகிறதோ அந்த ஆண்டு) முதல் ஒவ்வோர் ஆண்டின் நட்டமும் 10 ஆண்டுகள் வரை. 2018 வரை சேர்ந்த நட்டமெல்லாம் 2028 மதிப்பீட்டு ஆண்டோடு காலாவதி. ஆகவே நட்டத்தை ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். பழையதை முதலில் கழியுங்கள்.

முடங்கிக் கிடக்கும் கம்பெனியை அதன் நட்டத்துக்காக வாங்கச் சொல்லி யாராவது வந்தால் நம்ப வேண்டாம். பங்குதாரர்கள் பாதிக்கு மேல் மாறிவிட்டால் அந்த நட்டம் உதவாது.

நட்டம் வரும் என்று தெரிந்தும் இவ்வளவு வரி வரும் என்று முன்பு கொடுத்த உத்தேசக் கணக்கின்படி மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பது கைப்பணத்தை முடக்கும். கணக்காண்டின் 6, 9, 11-ஆம் மாதங்களில் சிபி204ஏ பாரத்தில் அந்த உத்தேசத்தைத் திருத்தலாம்.

ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது பொது விதி. ஆனால் 2019 நட்டத்தை 2029-இல் கழிக்கும்போது, அந்த நட்டம் எப்படி வந்தது என்று தணிக்கையில் கேட்கலாம். நட்டம் கழிந்து முடியும்வரை அந்த ஆண்டின் கோப்பை எறியாதீர்கள்.