காதல் நாவலைத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? முதலில் வருமானத்தைப் பாருங்கள்

எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களும் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பது இதுதான்: இந்தப் பழைய ஆங்கிலக் காதல் நாவல்கள் எல்லாம் ஒரே கதை மாதிரி இருக்கிறதே, எது எது என்று எப்படி நினைவில் வைப்பது? உயர்ந்த குடும்பத்து ஆள், வசதி குறைந்த பெண், நடுவில் முறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு அத்தை, கடைசியில் கல்யாணம். கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தால் அப்படித்தான் குழம்பும். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒவ்வொரு நாவலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருமானம், அது நிலத்திலிருந்து வருகிறதா, வியாபாரத்திலிருந்தா, சம்பளமா, கல்யாணம் ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்று மட்டும் எழுதினேன். மற்றதெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு தானாக நினைவில் நின்றது.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு, நாயகி எலிசபெத்தின் அப்பாவுக்கு 2,000. அந்த 2,000 வரும் நிலமும் ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டுப்பட்டது, வீட்டில் ஐந்தும் பெண்கள், எனவே தூரத்து உறவுக்காரர் காலின்ஸுக்குப் போகும். இதே காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணப் பேச்சு எடுக்கும் இடத்தை மெதுவாகப் படியுங்கள். உனக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டிப் பத்திரத்தில் கிடக்கும் 1,000 பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு 40 பவுண்டு. அந்த 40 பவுண்டை வைத்துக்கொண்டுதான் அவள் காலின்ஸையும் வேண்டாம் என்கிறாள், பிறகு 10,000 பவுண்டோடு வந்து நிற்கும் டார்சியையும் முதல் தடவை வேண்டாம் என்கிறாள். இது தெரிந்தபின் அந்த மறுப்பைப் படித்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். தேர்வில் அவளுடைய துணிச்சலைப் பற்றி ஒரு பக்கம் பொதுவாக எழுதுவதைவிட, இந்த ஒரு கணக்கை எழுதினால் விடை நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எலிசபெத்தை ஏழைப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். டார்சி ஜென்டில்மேன் என்றால் நான் ஒரு ஜென்டில்மேனின் மகள் என்று அவளே டார்சியுடைய அம்மாவின் சகோதரி லேடி கேத்தரினிடம் நேருக்கு நேர் சொல்கிறாள். உறுத்தல் வருவது அம்மா வழியில்: ஒரு மாமா லண்டனில் வியாபாரி. இதில் வேடிக்கை, அந்த உறவுகளைப் பார்த்து ஏளனம் செய்யும், டார்சியின் நண்பர் பிங்லியுடைய சகோதரிகளின் பணமும் வியாபாரத்தில் வந்ததுதான்.

அடுத்து சட்டம். இரண்டே விஷயங்கள் போதும். 1753-ல் வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் உரிமம் பெற்றுத் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும், ரகசியக் கல்யாணம் செல்லாது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் யாரோடோ ஓடிப்போய்ச் சொத்து கைமாறிவிடும் என்ற பயம் இதற்குப் பின்னால் இருந்தது. ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் கிடையாது, அதனால்தான் நாவல்களில் ஓடிப்போகிற ஜோடிகள் எல்லையைத் தாண்டி கிரெட்னா கிரீனுக்கு வண்டி கட்டுகிறார்கள். இன்னொன்று, திருமணமான பெண்ணின் சொத்து பற்றியது. மனைவியின் பணமும் நகையும் பொதுவாகக் கணவனுடையதாகிவிடும் நிலை 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் மாறியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847) படியுங்கள். ராச்செஸ்டரின் தார்ன்ஃபீல்ட் மாளிகையில் வீட்டு ஆசிரியையாக ஜேனுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 30 பவுண்டு. பிறகு மதெய்ராவில் இருந்த சித்தப்பாவின் 20,000 பவுண்டு வருகிறது, அதை அத்தை பிள்ளைகள் மூவரோடு நான்காகப் பங்கு போட்டுத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். ராச்செஸ்டரிடம் திரும்பிப் போவது அதற்குப் பிறகுதான், சம்பளக்காரியாக அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது எலிசபெத் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்'. 1854 செப்டம்பரிலிருந்து 1855 ஜனவரி வரை டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் தொடராக வந்தது. மான்செஸ்டரை மில்டன் என்று பெயர் மாற்றியிருக்கிறார். மார்கரெட் பாதிரியார் மகள், தார்ன்டன் கீழிருந்து உழைத்து மேலே வந்த பருத்தி மில் முதலாளி. பணம் அவனிடம், மரியாதை அவளிடம். வேலைநிறுத்தம், கடன் எல்லாம் சேர்ந்து மில்லை மூடும் நிலைக்கு அவன் வரும்போது, அவளுக்கு இடையில் சொத்து வந்திருக்கிறது. வங்கியில் என் பணம் 18,057 பவுண்டு இரண்டரை சதவீத வட்டிக்குச் சும்மா கிடக்கிறது, நீங்கள் இதைவிட நல்ல வட்டி தரலாமே என்று அவள் பேசுகிறாள். தொண்டை அடைக்க, காகிதத்தைப் புரட்டிக்கொண்டே வட்டிக்கணக்கு பேசுகிறாள், அதுதான் அங்கே காதல் பேச்சு. பிபிசியின் 2004 தொடரில் இது ரயில் நிலையத்தில் நடக்கும். நாவலில் லண்டன் ஹார்லி தெரு வீட்டு அறையில் நடக்கிறது. தொடரை மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வகைப் பெயரிலும் கவனம் வேண்டும். ஆஸ்டினும் காஸ்கெலும் தங்கள் காலத்தைத்தான் எழுதினார்கள், நமக்குத்தான் அது வரலாறு. கடந்த காலத்தைப் பின்னணியாக்கி எழுதிய வரலாற்றுக் காதல் நாவல் என்றால் ஜார்ஜெட் ஹேயரைச் சொல்லுங்கள். பாப்புலர் ஃபிக்ஷன் தாள் இருப்பவர்கள் அவருடைய 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961) படிக்கலாம். அப்பா வைத்த கடனில் மூழ்கும் ஒரு பிரபு, பழைய காதலியை விட்டுவிட்டு லண்டன் பணக்கார வியாபாரியின் மகளைக் கட்டிக்கொள்கிறான். வாட்டர்லூ போர்ச் செய்தி வருமுன் எல்லோரும் அரசுப் பத்திரங்களை விற்கும்போது மாமனார் பேச்சைக் கேட்காமல் வாங்குகிறான். அங்கேயும் பணம்தான் உறவை நகர்த்துகிறது.

நெட் தேர்வில் ஆண்டு வரிசைப்படுத்தும் கேள்விகள் வரும், தப்பு விடைக்கு மதிப்பெண் குறையாது, எனவே எதையும் விடாதீர்கள். பணிப்பெண்ணும் எஜமானனும் கதையான ரிச்சர்ட்சனின் 'பமீலா' 1740, அதைக் கேலி செய்த ஃபீல்டிங்கின் 'ஷமேலா' 1741, 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்' 1742, இந்த மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஆஸ்டினின் 'பர்சுவேஷன்' அவர் இறந்த பின், 1817 டிசம்பரில் வந்தது, முகப்பில் மட்டும் 1818 என்று இருக்கும்.

நேரம் குறைவு என்றால் முதலில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', அப்புறம் 'ஜேன் ஐர்', பிறகு 'நார்த் அண்ட் சவுத்'. 'பமீலா'வை முழுக்கப் படிக்க முடியாவிட்டால் கல்யாணம் வரைக்குமான கடிதங்களையாவது படித்துவிடுங்கள், கைடு புத்தகத்தில் அவளுடைய குரல் கிடைக்காது.