உள்ளங்கை ஈரம்

நமக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமான செய்தி போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் ஆத்ம சாந்தி வேண்டினார்கள். நானும் இரண்டு வரி எழுதினேன், அனுப்பவில்லை. மனதில் உள்ளதை நம் பள்ளி மலருக்கே எழுதுகிறேன்.

அடிக்க முதல் அவர் எண்ணுவது நம் வகுப்பாருக்கு மறந்திருக்காது. எட்டில் நிறுத்தி, நீட்டிய உள்ளங்கையை விரலால் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் மெல்லச் சிரிப்பார். கோபத்தில் அடித்த மற்ற ஆசிரியர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இவருக்குக் கோபமே வராது.

கனடாவில் மனநலத் தாதியாகப் படித்தபோது, உளவியலாளர் ராபர்ட் ஹேர் 1960களில் கைதிகளிடம் செய்த பரிசோதனை ஒன்று பாடத்தில் வந்தது. எண்கள் வரிசையாக வரும். குறித்த ஓர் எண்ணில் மின்னதிர்ச்சி. அந்த எண் நெருங்க நெருங்க மற்றவர்களுக்குக் கை வியர்க்கும். சைக்கோபாத் என்று இனங்கண்டவர்களுக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை. அவர்களை இனங்காண ஹேர் பின்னர் வகுத்த பட்டியலில் உள்ள 20 குணங்களில் இரக்கமின்மையும் ஒன்று. சேருக்கு அந்தப் பெயரைச் சூட்ட நான் மருத்துவன் இல்லை. ஆனால் எங்கே தொட்டால் நோகும் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த நோவு அவரிடம் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

தன் அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்த நண்பன் ஒருவன், அவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் ஒன்றை மரியாதையாகச் சேரிடம் கொடுத்தான்.

“எங்கே, நீரே வாசியும் பாப்பம்.”

வாசித்தான். அட்டையில் இருந்த அப்பாவின் படத்தைப் பெருவிரல் தடவிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் சேர் வகுப்பைப் பார்த்தார்.

“எத்தனை ஒற்றுப் பிழை?”

நான் கையை உயர்த்தினேன். “மூன்று, சேர்.”

“கெட்டிக்காரன். இரும்.”

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். அடுத்த கிழமை அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. சுன்னாகத்தில் ஒரு கடையில் நிற்கிறான் என்றார்கள்.

ஓ.எல். பரீட்சையில் எனக்குத் தமிழுக்கு டி, அதாவது டிஸ்டிங்ஷன். இன்றைக்கும் ஒற்றுப் பிழை சட்டென்று கண்ணில் படும். அந்தத் தமிழ் சேர் தந்தது. அதற்கு நன்றி உண்டு.

1984இல் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று, ஆள் ஏற்ற பஸ் அந்த நண்பன் வீட்டு ஒழுங்கை முகப்பில் நின்றது. படலையடியில் நின்ற அவன் அம்மா என்னை அடையாளம் கண்டு கையசைத்தார். இறங்கி இரண்டு வார்த்தை பேச நேரம் இருந்தது. சூட்கேஸைப் பிடித்தபடி நான் அப்படியே இருந்துவிட்டேன்.