பேஸ் வாசிப்பவர் பக்கத்திலேயே நிற்கிறார்

போஸ்டரில் '7 மணி' என்று போட்டிருந்தால் அது கச்சேரி தொடங்கும் நேரம் இல்லை. கேட் திறப்பதாகச் சொல்லப்படும் நேரம். ஏழரைக்கு உள்ளே போனால் மேடையில் ஒருவர் 'செக்... செக்... மைக் செக்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாடகர் என்று நினைத்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட வேண்டாம், ட்ரம்மரின் தம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் பாட்டு எட்டேகாலுக்கு வந்தால் அன்றைய ஏற்பாடு பிரமாதம் என்று தாராளமாக எழுதலாம்.

சென்னையில் சினிமாவைச் சாராமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிற இண்டி குழுக்களின் பின்னால் சுற்றி, கேட்டதைப் பற்றி நாலு வரி எழுதுகிற ஆட்களுக்கு இந்தத் தாமதத்தின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன் கருவிகளின் சத்தத்தைச் சரிபார்ப்பது, தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிக்கப்போகிற பெரிய குழுவுக்குத்தான் முதல் செக். முதலில் வாசிக்கப்போகிறவர்களுக்குக் கடைசியில். அப்போதுதான் அவர்களுடைய ஒயர், ஸ்டாண்டு எல்லாம் மேடையில் அப்படியே இருக்கும், கலைக்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய குழுவின் கீபோர்டுக்காரர் ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் சாலையில் ஆபீஸ் முடித்து வர வேண்டும். அவர் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கிற வரை இங்கே யாருக்கும் செக் இல்லை. கடைசியில் அடி வாங்குவது முதல் குழு. அவர்களுக்குக் கிடைப்பது ரெண்டே நிமிஷம், அதனால் அவர்களுடைய முதல் பாட்டுதான் உண்மையான சவுண்ட் செக். முதல் பாட்டை வைத்து எந்தக் குழுவையும் எடைபோடக் கூடாது.

அடுத்தது எங்கே நிற்பது. ஆர்வக்கோளாறில் எல்லோரும் மேடைக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வார்கள். அங்கே ட்ரம்ஸும், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பும் நேராகக் காதில் இறங்கும். பாடகரின் குரலோ ரெண்டு பக்கமும் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் வழியாகத் தலைக்கு மேலே பறந்து பின்வரிசைக்குப் போய்விடும். 'பாடகர் குரல் எடுபடவில்லை' என்று வரும் விமர்சனங்களில் பாதி முதல் வரிசையில் எழுதப்பட்டவை. மூலையில் நின்றால் பேஸ் என்கிற கனத்த அடிச் சத்தம் சுவரில் மோதிச் சேர்ந்து வயிற்றைப் பிசையும். சரியான இடம் சவுண்ட் இன்ஜினியரின் மேஜைக்குப் பக்கத்தில்தான். அவர் காதுக்குத்தானே எல்லாம் சரி செய்யப்படுகிறது. ஒரே நிபந்தனை, அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மேஜைமேல் டீ கிளாஸ் வைக்கவே கூடாது.

காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பஞ்சு கீச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும், இரைச்சலை அப்படியே விட்டுவிடும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். சின்ன ஹாலில் ட்ரம்ஸ் பக்கத்தில் அந்த அளவு சாதாரணம். கச்சேரிக்கென்றே விற்கிற இயர்ப்ளக்கை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் போதும்.

இனி கோளாறுகள். இது குழுவின் தப்பா, ஒயரின் தப்பா என்று பிரிக்கத் தெரியாதவர் எழுதினால் பாவம் வாசித்தவர் தலையில்தான் விடியும். மேடையில் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று முனகல் கேட்கிறதா? லேப்டாப்பை சார்ஜரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், ஆம்ப் வேறொரு பிளக் பாயின்டில் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் பெரும்பாலும் முனகல் நின்றுவிடும். ராப் பாடுகிறவர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டதும் 'கீய்ய்' என்கிறதா? மைக் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடுவதற்காக வலைக்கு அடியில் திறப்புகள் இருக்கும். கை அதை மூடிவிட்டால் எதிரே தரையில் இருக்கும் மானிட்டரின் (பாடுகிறவர் தன் குரலைக் கேட்பதற்கான ஸ்பீக்கர்) சத்தமும் உள்ளே போய்ச் சுற்ற ஆரம்பிக்கும். கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். ஆனால் வீடியோவில் பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காதாம்.

அக்கூஸ்டிக் கிட்டார் நடுப்பாட்டில் கரகரத்துச் செத்துப்போவது தனி ரகம். உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரி காலி. அந்த வகைக் கிட்டாரில் ஒயரைச் சொருகினாலே சர்க்யூட் ஆன் ஆகிவிடும். முந்தின ராத்திரி ரிகர்சலில் சொருகிய ஒயரைப் பிடுங்காமல் தூங்கப் போயிருப்பார். பாடகர் 'ஒரு சின்ன டெக்னிக்கல் இஷ்யூ' என்று சிரித்துக்கொண்டு ஜோக் சொல்ல ஆரம்பிப்பார். அந்த ஜோக்கை விமர்சனத்தில் சேர்க்காமல் விடுவது நட்பு.

பறைக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு. எலெக்ட்ரிக் கிட்டாரும் கானாவும் பறையும், சட்டி, கட்ட மோளம் என்ற தாளக் கருவிகளும் ஒரே மேடையில். அதற்குப் பிறகு இந்த ஊர் இண்டி மேடையில் பறையைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை. புருவம் உயர்த்துவது ஹாலின் வாட்ச்மேன் மட்டும்தான்.

காரணம் இது. பறையின் தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்ந்துவிடும். 'டண்' என்று தெறிக்க வேண்டியது 'தொப்' என்று விழும். நெருப்பில் காய்ச்சினால்தான் முறுக்கேறும். மைதானத்தில் ஓரமாக நாலு காகிதத்தைக் கொளுத்திக்கொள்ளலாம். ஏசி ஹாலில் தலைக்கு மேலே புகை அலாரம் இருக்கிறது. எனவே கலைஞர்கள் பறையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்குப் போவார்கள்.

"யோவ், என்னய்யா பண்றீங்க, பைக்கெல்லாம் நிக்குது!"

"ரெண்டே நிமிஷம்ணே, தோல் காயணும்."

"அதுக்கு வெயில்ல வெச்சிருக்கலாம்ல?"

"மணி எட்டுண்ணே."

வாட்ச்மேன் ஒரு பக்கெட் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பார், ஆனால் பார்க்கிற ஆர்வத்தில் தானே ஒரு பழைய பேப்பரை எடுத்து நீட்டுவார். அனுபவஸ்தர்கள் ரெண்டு பறையாகக் கொண்டுவருவார்கள், ஒன்று மேடையில், இன்னொன்று நெருப்பில். பிளாஸ்டிக் தோல் போட்ட பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. சத்தம் கொஞ்சம் தகரமாக இருக்கும் என்பது தோல்பறைக்காரர்களின் தீர்ப்பு, அதில் நியாயம் உண்டு. மைக் விஷயம் இன்னொன்று. பறைக்காரர் ஆடிக்கொண்டே அடிப்பவர். ஸ்டாண்டு மைக் வைத்தால் அவர் பக்கத்தில் வரும்போது இடி, நகர்ந்தால் அமைதி. விளிம்பில் கவ்வுகிற சின்ன மைக்தான் வேண்டும். அது இல்லாத மேடையில் 'பறை அமுங்கிவிட்டது' என்று எழுதினால், அமுக்கியது யார் என்றும் எழுதுவதுதான் முறை.

குறிப்பு எடுக்கும்போது போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிற்பவர் சாபம் வேண்டாம். பாட்டுக்கு ஒரு வரி போதும்: காதில் விழுந்த முதல் சொற்கள், வேகம், எங்கே பிசகியது. முடிந்ததும் மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாட்டு வரிசைத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதில் 'மழை (பழசு)', 'புதுசு 2', 'தம்பி பாட்டு' என்றுதான் இருக்கும். அதனால் முதல் குறிப்பை நம்புவதே உத்தமம்.

திறந்தவெளி என்றால் ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஏழு மணிக்கு நாலு குழு என்று அறிவித்து எட்டேகாலுக்குத் தொடங்கினால் கணக்கு எங்கே இடிக்கும்? யாருக்காக எல்லோரும் காத்திருந்தார்களோ, அந்தக் குழுவுக்கு இருபது நிமிஷம் மிஞ்சும். அவர்களை 'சுருக்கமான, கச்சிதமான நிகழ்ச்சி' என்று பாராட்டிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.

வெளியே வந்தால் டி-ஷர்ட் மேஜை. எக்ஸ்எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்குப் பதில், குழுக்கள் நேரடியாகப் பாட்டு விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் பாட்டை வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி குழுவுக்கு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. இன்ட்ரோவிலேயே ஒரு நிமிஷம் எடுக்கிற குழுக்களுக்கு இதை யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

டீக்கடையில்தான் உண்மையான பரீட்சை. இண்டி வட்டத்துக்கு இது சின்ன ஊர், ஒரே ட்ரம்மர் மூன்று குழுவில் வாசிப்பார். நீங்கள் குறை எழுதப்போகிற குழுவின் பேஸ் வாசிப்பவர் உங்கள் பக்கத்திலேயே பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார். 'எப்படி இருந்துச்சு ப்ரோ?' 'செம எனர்ஜி ப்ரோ' என்றால் பாட்டு சரியில்லை என்று அர்த்தம். 'நல்ல முயற்சி' என்றால் அதைவிட மோசம். இந்தப் பாஷை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் மறைந்துகொள்ளவும் முடியாது. இடத்தைச் சுட்டிச் சொல்லிவிடுவதே மேல்.

"மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணத்துல ட்ரம்ஸ் முந்திடுச்சு ப்ரோ."

"அவன் சரியாத்தான் வாசிச்சான் ப்ரோ. நான்தான் பின்தங்கிட்டேன்."

இப்படி ஒரு வாக்குமூலம் எந்த இணைய விமர்சனத்திலும் கிடைக்காது. அங்கேயே இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இன்று வாசித்தது யார், பெயருக்கு எந்த 'ர', எந்த 'ன'. கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் டெட்லைன் என்று மாற்று ஆள் வந்து வாசிப்பது இங்கே வாடிக்கை. கேட்காமல் பழைய போஸ்டரைப் பார்த்துப் பெயர் போட்டால் காலையில் முதல் போன் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரிடமிருந்து வரும். "கிட்டார் பின்னிட்டேன்னு எழுதியிருக்கீங்க, தேங்க்ஸ் ப்ரோ. நான் நேத்து திருச்சியில இருந்தேன்."