கட்டுக்கு வெளியே ஊறும் நீர்

மாரி உரத்த நாட்களில் என் அப்பப்பா குளக்கட்டின் மேல் நடக்க மாட்டார். கட்டின் வெளிப்புற அடியை ஒட்டி, வயல் பக்கமாக, வெறுங்காலுடன் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். எங்காவது பாதத்துக்குக் குளிர்ந்த ஈரம் தட்டினால் அந்த இடத்தில் குந்தியிருந்து, ஊறிவரும் நீரை உள்ளங்கையில் ஏந்தி, லாம்பின் அருகே கொண்டுபோய் நெடுநேரம் உற்றுப் பார்ப்பார். நீர் தெளிவாக இருந்தால் “ஊறட்டும்” என்று சொல்லி எழுந்துவிடுவார். சற்றேனும் கலங்கி இருந்தால் அடுத்த கணமே ஊரைக் கூப்பிடுவார். தெளிந்த ஊற்றில் வருவது நீர் மட்டும்தான்; கலங்கிய ஊற்று கட்டின் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது, உள்ளே ஒரு துவாரம் பெருத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று ஒருநாள் கேட்டேன். “அது எங்கடை ரத்தத்திலை ஊறினது, பிள்ளை” என்றார்.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. கமக்காரனின் மகனுக்குக் கமம் ரத்தத்தில் ஊறியது, சம்மாட்டியின் மகனுக்குக் கடல் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நான் பல ஆண்டுகள் அதை உண்மையென்றே நம்பியிருந்தேன். இன்று நம்பவில்லை. அந்த நம்பிக்கை நமக்குத் தீங்கு செய்திருக்கிறது என்றுகூட நினைக்கிறேன்.

பிறவியோடு வரும் அறிவு என்று ஒன்று உண்டு என்பதை மறுக்க முடியாது. காகத்தின் கூட்டில் பொரித்து, காகம் ஊட்டிய இரையைத் தின்று வளர்ந்த குயில் காகத்தைப்போலக் கரைவதில்லை. உரிய பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. மனிதக் குழந்தையும் பால் உறிஞ்சக் கற்றுக்கொண்டு பிறப்பதில்லை, அறிந்தே பிறக்கிறது. ஆனால் மனிதருக்கும் அவருக்கு நெருங்கிய விலங்குகளுக்கும் இப்படி வருவது பெரும்பாலும் முழு அறிவன்று, அறிவை ஏற்கும் ஆயத்தம் மட்டுமே. அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேக்காவும் அவருடைய சகாக்களும் 1980களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை அழகாகக் காட்டுகின்றன. ஆய்வுகூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயம் இருக்கவில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அஞ்சுவதைக் காணொளியில் பார்த்ததும் அவை விரைவாக அஞ்சப் பழகின. அதே காணொளியைத் திருத்தி, பூவைக் கண்டு குரங்கு அஞ்சுவதுபோலக் காட்டியபோது அவை பூவுக்கு அஞ்சவே இல்லை. பாம்புக்கு அஞ்சும் ஆயத்தம் உடம்பில் இருந்தது. அஞ்சுவதற்கோ இன்னொரு முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

இந்த ஆய்வை வாசித்தபோது அக்காவின் மகள்தான் நினைவுக்கு வந்தாள். என் பெறாமகள் 2012இல் பிறந்தவள். செல் குண்டு விழுந்த சத்தத்தையோ கிபிர் போர்விமானத்தின் இரைச்சலையோ அவள் கேட்டதில்லை. ஆனால் வானில் ஹெலி வந்தால் கழுத்தைச் சுருக்கித் தலையைக் குனிவாள். “பார், யுத்தம் பிள்ளையின்ரை ரத்தத்திலையும் கிடக்குது” என்று அயலவர் சொல்லுவார்கள். ஒருநாள் முற்றத்தில் அக்கா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கையில் ஹெலி ஒன்று தாழப் பறந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆனால் பின்னலைப் பிடித்திருந்த கை மட்டும் தானாகவே பிள்ளையின் உச்சந்தலையில் விழுந்து கீழே அழுத்தியது. அப்படி அழுத்துவது அக்காவுக்கே தெரியாது என்பதைப் பிறகு கேட்டு அறிந்துகொண்டேன். பிறந்த நாள் முதல் அந்தக் கை எத்தனை தடவை அவள் தலையை அழுத்தியிருக்குமோ!

உடம்பின் வழியாக எதுவுமே இறங்குவதில்லை என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரயன் டயஸும் கெரி ரெஸ்லரும் 2013இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், ஒரு குறிப்பிட்ட மணத்தை மின்னதிர்ச்சியோடு சேர்த்து ஆண் எலிகளுக்குப் பழக்கினார்கள். அந்த மணத்தை ஒருபோதும் முகர்ந்திராத மகன் எலிகளும் பேரன் எலிகளும் அதற்கு மிகையாகத் திடுக்கிட்டன. அந்த முடிவு குறித்து இன்றும் விஞ்ஞானிகளிடையே வாதம் நடக்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பேரன் எலிக்குக் கிடைத்தது ஒரு மணத்தின் மீதான கூச்சம் மட்டும்தான். பாட்டன் எந்தக் கூண்டில் இருந்தான், எதற்காகத் துடித்தான் என்பது அதற்குத் தெரியாது. ஒரு குளக்கட்டு எப்போது உடையும் என்ற அறிவு இந்த வழியால் இறங்கக்கூடியதன்று. மனிதகுலம் முழுவதற்கும் அடியில் ஒரே கூட்டு நனவிலி, அதாவது எல்லோருக்கும் பொதுவான ஆழ்மனம், ஓடுகிறது என்று சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் எழுதியவை வாசிக்க இனியவை. ஆயினும் அப்படியொன்று இருப்பதை எவ்வாறு சோதித்தறிவது என்பதற்கு அவற்றில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

ரத்தமே முன்னோரின் அறிவைச் சுமந்து வருவதானால் 2004 டிசம்பர் 26 காலையில் அது எங்கே போயிருந்தது? கடற்கோள் என்ற சொல் நம்மிடம் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதை மணிமேகலையில் இருக்கிறது. ஆயினும் முல்லைத்தீவுக் கரையில் அன்று எழுந்த நீர் இன்னதென்று நமக்குப் புரியவில்லை. சுனாமி என்ற சொல்லையே இறந்தவர்களை எண்ணத் தொடங்கிய பிறகு வானொலியில் கேட்டுத்தான் அறிந்தோம். சுமாத்திராவுக்கு மேற்கே, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருக்கும் சிமெலுவே தீவில் அப்போது ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அந்தத் தீவைப் பேரலை அழித்திருந்தது. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் உரத்து அதிர்ந்து கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்க நில்லாமல் மலைக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவைத்தார்கள். 97 ஆண்டுகள் அந்தக் கதை வாயிலிருந்து காதுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் நில அதிர்வை உணரவில்லை என்பதால் இந்த ஒப்பீடு முழுக்கச் சரியாகாது. ஆனால் நம் தீவின் பல கரைகளில், அலைகளுக்கிடையே கடல் உள்வாங்கியபோது வெளித்தெரிந்த கடலடியைப் பார்க்கவென்று இறங்கிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ‘ஓடு’ என்று ஒரு கதை சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

கூட்டு மனம் என்ற ஒன்றை நான் ஏற்பதானால் அது தலைகளுக்கு மேலே மிதக்கும் ஆவியன்று, பல தலைகளில் பங்கிட்டு வைக்கப்பட்ட ஒரே அறிவு. எங்கள் ஊரில் குளத்து நீரை வயலுக்கு விடும் துருசை எப்போது திறப்பது, யாருடைய வயலுக்கு முதல் நீர் என்பதெல்லாம் வட்டவிதானைக்குத் தெரியும். கட்டின் ஊற்று அப்பப்பாவுக்குத் தெரியும். எந்த மாட்டுக்கு என்ன நோய், எந்த மூலிகை எந்தக் காட்டில் என்பதை அறிந்தவர் வேறொருவர். ஊர் முழுவதும் கூடியிருந்தால்தான் ஊருக்கு அறிவு. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் தங்கவைக்கப்பட்டபோது எங்கள் ஊர் வெவ்வேறு வலயங்களுக்குச் சிதறியது. அப்பப்பா அங்கே கூடாரத்துக்குள்ளேயே கண்ணை மூடினார். மாரிதோறும் அவருடன் கட்டடிக்குப் போய்ப் பழகியவன் என் அண்ணா. அண்ணா எங்களோடு வெளியே வரவில்லை.

எனக்குக் கிடைத்தது பாதிதான். லாம்பைப் பிடித்துக்கொண்டு சில இரவுகள் பின்னால் போயிருந்ததால் நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பதை அறிந்திருந்தேன். கலங்கியிருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை அறியேன். அந்த வேலை நடக்கும்போது என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மீளக் குடியேறிய பின்னர் ஒரு மாரியில் கட்டடியில் கலங்கல் ஊற்றைக் கண்ட இளைஞர்கள், அவசரத்தில் களிமண்ணை வெட்டிக் குவித்து வாயை அடைத்தார்கள். நானும் சேர்ந்து மண் சுமந்தேன். சற்று நேரத்தில் நான்கு முழம் தள்ளி இன்னொரு கண் திறந்தது. அன்று வந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர்தான் எங்களை நிறுத்தினார். நீரை அடைக்கக்கூடாது, மண்ணைத்தான் மறிக்கவேண்டும் என்றார். முதலில் மணல், அதன்மேல் சிறுகல், அதற்கும் மேல் பெருங்கல் என்று பாரமாகப் பரப்பினால் நீர் வடிந்து வெளியேறும், மண் உள்ளேயே தங்கிவிடும். அவ்வாறே செய்தோம், விடியும்போது ஊற்று தெளிந்தது. அவர் எங்கள் ஊரவரல்லர், அப்பப்பாவின் பெயரைக் கேள்விப்பட்டவருமல்லர். அவர் போன பிறகுதான், அப்பப்பாவின் வீட்டுப் பின்புறத்தில் மணலும் கல்லும் ஏன் எப்போதும் குவிந்து கிடந்தன என்பது எனக்கு விளங்கியது.

போன மாரியில் பெறாமகளைக் கூட்டிக்கொண்டு கட்டடிக்குப் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். அட்டைக்குப் பயந்து முதலில் மறுத்தவள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேம்படிக்கு அருகில் அவளே நின்று, “சின்னம்மா, இதிலை கால் குளிருது” என்றாள். குந்தச் சொல்லி, இரண்டு கையாலும் ஏந்தச் சொல்லி, நான் ரோர்ச்சை அருகில் பிடித்தேன். விரல் இடுக்கால் நீர் ஒழுகிப்போக, மறுபடியும் ஏந்தினாள். நெடுநேரம் பார்த்தாள்.

“தெளிவாத்தான் கிடக்குது. சரியோ?”

நான் குனிந்து அவள் கைக்குள் பார்த்தேன். நீரின் அடியில் அவளுடைய ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“சரி,” என்றேன். “ஊறட்டும்.”