கூரை வந்தது, குழாய் வரவில்லை: 1946-ல் அமெரிக்கக் கல்லூரிகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கல்லூரிகளில் இடநெருக்கடி வந்ததற்கு, முன்னாள் படைவீரர்களைப் படிக்கவைக்க உதவிய 1944-ன் ஜி.ஐ. மசோதா என்ற சட்டம்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கட்டியது. 1945 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, மாதப்படி தனியாளுக்கு 65 டாலர், குடும்பஸ்தருக்கு 90 டாலர். 1947-ல் கல்லூரிச் சேர்க்கையில் 49 சதவீதம் பேர் முன்னாள் படைவீரர்கள். ஆனால் 1930-களின் பெருமந்தக் காலத்திலும் போர்க்காலத்திலும் விடுதி கட்டுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. இருந்தவையும் மணமாகாத பையன்களுக்கான அறைகள். மனைவி, கைக்குழந்தையோடு வந்தவரை அங்கே எப்படி வைப்பது?

புதிதாகக் கட்டலாமென்றால் மரம், ஆணி, குழாய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எனவே அரசு தன் உபரிப் போர்க்காலக் கட்டடங்களைப் பிரித்து, ஏற்றிவந்து, வளாகத்தில் மறுபடி நிறுத்திக் கொடுத்தது. நிலம், சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. இழுபறி பெரும்பாலும் அங்கேதான். சுவரையும் கூரையையும் சட்டென்று நிறுத்திவிடலாம். பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்காமல் யாரையும் குடிவைக்க முடியாது. டிரெய்லர் (வண்டியில் இழுத்துவரும் சக்கர வீடு) முகாம்களில் இதற்குக் குறுக்குவழி கண்டார்கள்: நடுவே பொதுக் குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம். பனிக்காலத்தில் நள்ளிரவிலும் அங்கேதான் நடக்க வேண்டும்.

அப்படி வந்த உபரிக் கட்டடங்களில் ஒன்றான, குவான்செட் குடில் என்ற அரைவட்டத் தகரக் கொட்டகையையும் பார்ப்போம். வழக்கமான அளவு 20 அடிக்கு 48 அடி. நடுவில் தடுத்தால் இரண்டு வீடு. கணக்குப்படி ஒவ்வொன்றும் 480 சதுர அடி. ஆனால் சுவர் வளைந்து இறங்குவதால் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி அகலத்துக்கு ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மிச்சம் 384 சதுர அடிதான். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவும் வழியில்லை. சமையல் ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி மேலிருந்து சொட்டும். அடுப்பின் வெப்பம் வளைவின் உச்சிக்குப் போய்விடும், கால் மட்டும் விறைக்கும். தரையைத் தூக்கிக் கட்டி அடிப்பக்கத்தை மூடாமல் விட்டால் அங்கே ஓடும் குழாய் உறைந்து வெடிக்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வேறு வழி தேடியது. பல்கலைக்கழகம் இருக்கும் மாடிசன் நகரிலிருந்து சுமார் 35 மைல் தள்ளியிருந்த வெடிமருந்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் குடும்பங்களை வைத்து, பேருந்தில் அழைத்துவந்தது. அதுதான் பேட்ஜர் வில்லேஜ். வீட்டுக்குழாய் ஏற்கெனவே இருந்த இடம். என் கணக்கில் தூரத்தைப் பொறுத்துக்கொள்ள அது போதுமான காரணம்.

தற்காலிகம் என்றுதான் எல்லாம் தொடங்கின. 1948-ல் வந்த சட்டம் இந்தக் கட்டடங்களைக் கல்லூரிகளே சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தது. 1950 வீட்டுவசதிச் சட்டம் நிரந்தர விடுதிகளுக்காக 30 கோடி டாலர் வரை நீண்டகாலக் கடன் தர அனுமதித்தது. அந்தப் பணத்தில் செங்கல் கட்டடங்கள் எழுந்த பிறகும் பல வளாகங்களில் தகரக் கொட்டகைகளில் ஆட்கள் குடியிருந்தார்கள், வாடகை குறைவு என்பதால்.