லீன் தாளுக்குத் தயாராகிறவர்களுக்கு

மென்பொருள் நிறுவனங்களில் லீன் முறையை, அதாவது வாடிக்கையாளருக்குப் பயன் தராத விரயங்களைக் களைந்து வேலையைத் தடையின்றி ஓட விடும் முறையை, பயன்படுத்துவது பற்றிய தாளை, டெவலப்பர் வேலையில் இருந்துகொண்டே எழுதித் தேறினேன். எப்படிப் படிப்பது என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வரலாற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்கள், 1988-இல் ஜான் கிராஃப்சிக் அந்த உற்பத்தி முறைக்கு லீன் என்று பெயர் சூட்டியது, 2003-இல் மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி அதை மென்பொருளுக்கான ஏழு கோட்பாடுகளாக்கியது. இவ்வளவு போதும். விரயங்களை மட்டும் ஜோடி ஜோடியாகப் படியுங்கள். தொழிற்சாலையில் தேங்கிக் கிடக்கும் சரக்கு, இங்கே பாதியில் நிற்கும் வேலை. அங்கே தேவைக்கு மேல் உற்பத்தி, இங்கே யாரும் கேட்காத அம்சங்கள்.

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது நிகழ்வாய்வுக் கேள்விதான். ஒரு நிறுவனத்தை விவரித்து, ரிலீஸ் தள்ளிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்பார்கள். பலரும் நேராக ஆட்களிடம் போய்விடுவார்கள்: பயிற்சி கொடு, ஆள் சேர், வேகமாக எழுதச் சொல். முதலில் வேலை எங்கே காத்துக் கிடக்கிறது என்று தேடுங்கள். இதைப் பழக நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் டீமில் முடிந்துபோன ஒரு டிக்கெட்டை (பதிவு செய்து கண்காணிக்கும் ஒரு வேலையை) எடுத்து, கோரிக்கை வந்ததிலிருந்து புரொடக்‌ஷனுக்கு (வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்துக்கு) போனது வரை ஒவ்வொரு கட்டத்தின் தேதியையும் எழுதுங்கள். அதில் யாராவது உண்மையிலேயே கை வைத்த நாட்களைத் தனியாகக் குறியுங்கள். மொத்தம் 30 நாளில் கை பட்டது 3 நாள் என்று வைத்துக்கொண்டால் ஓட்டத்திறன், அதாவது மொத்த நாட்களில் கை பட்ட நாட்களின் பங்கு, 10 சதவீதம். கோடிங்குக்கு ஆன 2 நாளைப் பாதியாக்கினாலும் 30 என்பது 29 ஆகும், அவ்வளவுதான். ரிவ்யூவுக்கும் டெஸ்டிங்குக்கும் காத்திருந்த நாட்களைக் குறைத்தால்தான் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் இரண்டு பக்க விளக்கம் மிச்சம்.

அடுத்து லிட்டில் விதி. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் காலம் கிடைக்கும். 24 டிக்கெட் திறந்திருந்து வாரம் 4 முடிந்தால் 6 வாரம். அதே வேகத்தில் 12 மட்டும் திறந்து வைத்தால் 3 வாரம். வேலைகளைக் கட்டம் கட்டமாகப் பத்திகளில் காட்டும் கான்பான் பலகையில், ஒவ்வொரு பத்தியிலும் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு ஏன் வரம்பு வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியாது. வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது பொருந்தும் சராசரி இது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

"அனைவரையும் முழு நேரமும் வேலையில் வைத்திருப்பது திறமையான நிர்வாகமா?" இந்தப் பாணிக் கேள்விக்கு, வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு உதவும். தாறுமாறாக வேலை வந்து சேரும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் தாறுமாறாக இருக்கும், ஒரே ஆள் முடித்துக் கொடுக்கும் எளிய மாதிரியில், அவர் 80 சதவீதம் பிஸியாக இருந்தால் வரிசையில் சராசரியாகக் காத்திருப்பது ஒரு வேலையைச் செய்ய ஆகும் சராசரி நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95-இல் 19. மேலாளர்களுக்கு இந்த எண்களைக் காட்டினாலும் நம்ப மறுப்பார்கள், அது வேறு கதை.

லீனைப் புகழ்ந்துகொண்டே போகிற விடைகள் எனக்குச் சலிப்பூட்டும், திருத்துபவருக்கும் அப்படித்தான் இருக்கும். எல்லையையும் சொல்லுங்கள். தொழிற்சாலை ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. டெவலப்பர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை வடிவமைக்கிறார். அதனால் சோதித்துப் பார்த்துத் தூக்கியெறிந்த கோட் எல்லாம் விரயம் ஆகாது. கற்றலைப் பெருக்கு, முடிவைக் கடைசிப் பொறுப்பான கணம் வரை (அதற்கு மேல் தள்ளினால் நல்ல வழி ஒன்று கைநழுவும் என்ற கட்டம் வரை) தள்ளிப் போடு என்ற இரண்டு கோட்பாடுகளும் இங்கேதான் வருகின்றன. மாறாக, தவறு தெரிந்ததும் லைனை நிறுத்தும் டொயோட்டா வழக்கம் அப்படியே பொருந்துகிறது: பில்ட் (எல்லோருடைய கோடையும் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குவது) உடைந்தால் புதுக் கோட் சேர்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்வது.

தேர்வறையில் நிகழ்வாய்வை முதலில் எழுதிவிடுங்கள். வரையறைக் கேள்விகளைக் களைத்துப்போன பிறகும் எழுத முடியும். கணக்கில் நாளா, வாரமா என்று அலகைக் குறிப்பிட மறக்காதீர்கள்.